ஆற்றங்கரை மலைமேல் ஒரு போதகர்: ஜான் ரேங்கின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அடிமை ஒழிப்பின் கதையை நம்மில் பலர் ஆப்ரகாம் லிங்கனிலிருந்துதான் தொடங்குகிறோம். லிங்கன் அதிபராவதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே ஒஹாயோ ஆற்றங்கரையில் குடியேறி, பிரசங்க மேடையிலும் எழுத்திலும் தன் வீட்டு வாசலிலும் அந்த முறையை எதிர்த்து நின்ற ஒரு போதகர் இருந்தார். ஜான் ரேங்கின் என்பது அவர் பெயர். அமெரிக்காவிலேயே அவரை அறிந்தவர்கள் குறைவு. அவரைப் பற்றி முதன்முறை கேள்விப்படுகிறவர்களுக்கு எழக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

ஜான் ரேங்கின் யார்? முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1793-ல், இன்று டென்னஸி மாநிலமாக இருக்கும் பகுதியில், டாண்ட்ரிட்ஜ் என்ற ஊருக்கு அருகே பிறந்தவர். புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவுகளில் ஒன்றான பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் போதகர். ஒஹாயோ மாநிலத்தின் தென்கோடியில் உள்ள ரிப்ளி என்ற ஊரின் சபையை 44 ஆண்டுகள் நடத்தினார். அடிமை முறைக்கு எதிராக அவர் எழுதிய கடிதங்கள் 1826-ல் நூலாக வந்தன. தெற்கிலிருந்து தப்பி ஆற்றைக் கடந்து வந்த கறுப்பின மக்களுக்கு அவர் குடும்பம் உணவும் அடைக்கலமும் கொடுத்து வடக்கே அனுப்பியது. 1886-ல் 93 வயதில் இறந்தார்.

அடிமை முறை நிலவிய தெற்கில் பிறந்தவருக்கு அதை எதிர்க்கும் எண்ணம் எப்படி வந்தது?

முதல் காரணம் வீடு. அவருடைய தாய் ஜேன் அடிமை முறையைக் கடுமையாக வெறுத்தவர். பிள்ளைகளை அந்த வெறுப்போடுதான் வளர்த்தார்.

இரண்டாவது, அவர் சிறுவனாக இருந்த காலத்து நிகழ்ச்சிகள். 1800-ல் வர்ஜீனியாவில் கேப்ரியல் என்ற அடிமைக் கொல்லர் ஒரு பெரும் எழுச்சிக்குத் திட்டமிட்டார். திட்டம் முன்கூட்டியே தெரிந்துபோய் அவரும் தோழர்களும் தூக்கிலிடப்பட்டனர். அந்தச் செய்தி தெற்கு முழுக்கப் பரவி வெள்ளையரிடையே பெரும் பீதியைக் கிளப்பியது. அதே ஆண்டுகளில் மலைநாட்டுப் பகுதிகளில் பெரிய ஆன்மிக எழுப்புதல் கூட்டங்களும் நடந்துகொண்டிருந்தன. விடுதலை கேட்ட மனிதர்கள் தூக்கில் தொங்கியதும், எல்லா ஆத்துமாவும் கடவுள்முன் சமம் என்ற போதனையும் ஒரே நேரத்தில் அந்தச் சிறுவனின் காதில் விழுந்தன.

அப்புறம் கல்வி. கிழக்கு டென்னஸியில் சாமுவேல் டோக் நடத்திய வாஷிங்டன் கல்லூரியில் படித்தார். டோக் அடிமை முறையை எதிர்த்த பிரஸ்பிட்டேரியன் ஆசிரியர். அவருடைய பேத்தி ஜீன் லவ்ரியைத்தான் ரேங்கின் 1816-ல் மணந்தார்.

தொடக்கத்திலேயே துணிச்சலான பேச்சாளராக இருந்தாரா?

இல்லை. பேசுவதே அவருக்குச் சிரமமாக இருந்தது. டென்னஸியில் போதகராகத் தொடங்கியபோது, மனதில் இருந்ததை மேடையில் சொல்லப் பல மாதங்கள் திணறினார். கடைசியில் ஒரு நாள் எல்லா வகை ஒடுக்குமுறைக்கும் எதிராகப் பேசினார். பிறகு அடிமை முறையைப் பெயர் சொல்லியே கண்டித்தார். சபை மூப்பர்கள் சுற்றி வளைக்கவில்லை: இதைத்தான் பிரசங்கிப்பீர்கள் என்றால் டென்னஸியை விட்டுப் போவதைப் பற்றி யோசியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர் கிளம்பிவிட்டார்.

கென்டக்கியில் என்ன நடந்தது?

ஒஹாயோவுக்குப் போகும் வழியில் கென்டக்கியில் கார்லைல் ஊருக்குப் பக்கத்திலுள்ள கான்கார்ட் சபைக்குப் போதகர் தேவைப்படுவதாகக் கேள்விப்பட்டு அங்கே தங்கினார். கென்டக்கியும் அடிமை மாநிலம்தான். ஆனாலும் அந்தச் சபையில் அடிமை முறையை எதிர்ப்பவர்கள் முன்பிருந்தே இருந்தார்கள்.

அங்கே அவர் அடிமைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். ஒரு வருடம்கூட நிம்மதியாக நடக்கவில்லை. தடிகளோடு வந்த கும்பல் மாணவர்களை அடித்து விரட்டியது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காலி வீட்டுக்கும், அங்கிருந்து ஒரு நண்பரின் சமையலறைக்கும் வகுப்பு மாறியது. கடைசியில் மாணவர்கள் வருவதே நின்றுபோனது. அவர்கள் பயந்ததில் என்ன தவறு இருக்கிறது? அடி விழுந்தது அவர்கள் முதுகில்.

அதே நேரத்தில் 1819-ன் பொருளாதார நெருக்கடியால் சபையாரும் நொடித்துப் போயிருந்தார்கள். 1821 முடிந்து 1822 பிறக்கும் இரவில் மனைவியையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றி, பனிக்கட்டி மிதந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து ரிப்ளியில் கரையேறினார் ரேங்கின்.

ஆற்றைக் கடந்தால் அடிமைகளுக்கு விடுதலையா? ரிப்ளி ஏன் முக்கியமான ஊர்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒஹாயோ ஆற்றின் தென்கரை கென்டக்கி, அடிமை மாநிலம். வடகரை ஒஹாயோ; அங்கே அடிமை முறைக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆறு முழுவதும், வடகரையின் தாழ்நீர் விளிம்பு வரை, கென்டக்கிக்குச் சொந்தம். படகில் நடு ஆற்றில் இருக்கும்வரை நீங்கள் கென்டக்கியில்தான் இருக்கிறீர்கள்.

அணைகள் இல்லாத அந்தக் காலத்தில் கோடையில் ஆற்றில் நீர் வெகுவாக வற்றும், கடுங்குளிரில் உறையும். ரிப்ளி பகுதியில் ஆறு குறுகல் வேறு. அதனால் தப்பி வருபவர்கள் இந்தப் பக்கமாகத்தான் அதிகம் கடந்தார்கள். அவர்களைத் துரத்தி வருபவர்களும் இங்கேதான் கூடினார்கள்.

கரை ஏறியதோடு ஆபத்து தீரவில்லை. 1793-ன் கூட்டாட்சிச் சட்டப்படி, தப்பியவரை உரிமையாளர் எந்த மாநிலத்திலும் பிடித்துக்கொண்டு போகலாம். தடுப்பவருக்கு 500 டாலர் அபராதம். 1850-ல் வந்த சட்டம் அதை 1,000 டாலர் அபராதமும் 6 மாதச் சிறையுமாக ஆக்கியது. ஒஹாயோவிலேயே கறுப்பின மக்களை ஒடுக்கும் சட்டங்கள் இருந்தன. அங்கே குடியேற 500 டாலர் பிணை கட்ட வேண்டும், வெள்ளையர் சம்பந்தப்பட்ட வழக்கில் சாட்சி சொல்ல முடியாது. ஆக, ஆற்றைக் கடந்தவர்கள் இன்னும் நூற்றுக்கணக்கான மைல் வடக்கே போய், கனடாவில் கால் வைத்தால்தான் மூச்சுவிட முடியும்.

‘நிலத்தடி ரயில்பாதை’ என்கிறார்களே, உண்மையிலேயே ரயில் ஓடியதா?

ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை. தப்பி வருபவர்களை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இரகசியமாகக் கடத்திவிட்ட மனிதர்களின் வலைப்பின்னலுக்குத்தான் அந்தப் பெயர். அடைக்கலம் தந்த வீட்டை நிலையம் என்றார்கள், வழிகாட்டியவரை நடத்துநர் என்றார்கள். ரிப்ளிக்கு வடக்கே ரெட் ஓக், சார்டினியா போன்ற ஊர்கள் அடுத்தடுத்த நிலையங்கள்.

சகோதரருக்கு எழுதிய கடிதங்கள்தான் அவரைப் புகழடையச் செய்தன என்கிறார்கள். அது என்ன கதை?

என்னைக் கேட்டால் ரேங்கின் வாழ்க்கையின் மையமே இதுதான். மலைமேல் விளக்கு, உறைந்த ஆறு, துப்பாக்கிச் சண்டை என்று எல்லோரும் சொல்லும் கதைகள் இதற்கு அடுத்தபடிதான்.

ரேங்கினின் சகோதரர் தாமஸ், வர்ஜீனியாவில் அகஸ்டா மாவட்டத்தின் மிடில்புரூக் என்ற ஊரில் வணிகர். 1823-ன் இறுதியில் தாமஸிடமிருந்து வந்த கடிதம், அவர் அடிமைகளை வாங்கியிருப்பதைத் தெரிவித்தது. உடல்நலத்தோடு இருப்பதை அறிந்து மகிழ்ச்சி, அடிமைகளை வாங்கியதை அறிந்து வேதனை என்று தொடங்கிப் பதில் எழுத ஆரம்பித்தார் ரேங்கின். ஒரு கடிதத்தோடு நிற்கவில்லை. வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொடர்ந்து எழுதினார்.

அந்தக் கடிதங்கள் ரிப்ளியின் ‘காஸ்டிகேட்டர்’ என்ற உள்ளூர்ச் செய்தித்தாளில் 1824-லிருந்து வெளிவந்தன. 1826-ல் நூலாயின. 1832-ல் வில்லியம் லாயிட் கேரிசன் பாஸ்டனில் தன் ‘லிபரேட்டர்’ இதழில் அவற்றைத் தொடராக மறுபதிப்பு செய்தார். அடுத்த ஆண்டு பாஸ்டனிலேயே புதிய பதிப்பும் வந்தது. அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணிக் குரலாக அறியப்பட்ட கேரிசன், தன்னை ரேங்கினின் சீடர் என்றே சொல்லிக்கொண்டார்.

தாமஸ் என்ன ஆனார்? 1827-ல் வர்ஜீனியாவை விட்டு ஒஹாயோவுக்கு வந்து, தன் அடிமைகளை விடுவித்தார். ஊரையே எதிர்த்துப் பேசிவிடலாம். கூடப் பிறந்தவரிடம், உறவும் முறியாமல், உண்மையையும் மழுப்பாமல் பேசி, அவரை மாறவைப்பது எவ்வளவு கடினம் என்பது குடும்பத்தில் சாதி பற்றியோ சீர்வரிசை பற்றியோ வாயைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ரேங்கின் அதைச் செய்தார்.

அந்தக் கடிதங்களில் அப்படி என்ன வாதங்கள்?

அடிமை முறையை ஆதரித்தவர்களும் வேதாகமத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள். நோவாவின் மகன் காமின் வம்சத்துக்குக் கிடைத்த சாபம் ஆப்பிரிக்கர்கள்மேல் இருக்கிறது என்பது அவர்களுடைய பழைய வாதம். வேதத்தில் சாபம் சொல்லப்பட்டது காமின் மகனான கானான்மேல், ஆப்பிரிக்கர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ரேங்கின் அதை வசனத்தைக் கொண்டே மறுத்தார்.

கறுப்பின மக்களுக்கு இயல்பிலேயே அறிவு குறைவு என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதிலும் நேரடியானது. படிக்கவிடாமல் வைத்துவிட்டு, படிப்பில்லை என்று பழிப்பது என்ன நியாயம்? கார்லைலில் தடியடியில் கலைந்துபோன வகுப்பை நடத்தியவர் இதை எழுதும்போது அதற்குத் தனிக் கனம் இருக்கிறது.

நல்ல எஜமானர்களும் உண்டே என்பது மூன்றாவது வாதம். அதற்கு அவர் சம்பவங்களை அடுக்கினார். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம் என விற்கப்பட்டவர்கள், பசி, சவுக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எல்லாவற்றையும்விடப் படிப்பவரை உலுக்குவது 1811 டிசம்பரில் கென்டக்கியில் நடந்த ஒரு கொலை. லில்பர்ன் லூயிஸ் என்பவர் தன் தம்பியோடு சேர்ந்து, ஜார்ஜ் என்ற பதின்ம வயது அடிமையை, மற்ற அடிமைகளின் கண்முன்னே கோடரியால் வெட்டிக் கொன்று நெருப்பில் போட்டார். ஒரு குடத்தை உடைத்ததுதான் அந்தப் பையன் செய்த குற்றம் என்பார்கள். அந்த இரவில்தான் நியூ மாட்ரிட் பெருநிலநடுக்கங்கள் தொடங்கின. புகைபோக்கி இடிந்து விழுந்து, மறைக்க நினைத்த எச்சங்கள் வெளியே தெரிந்துவிட்டன. லூயிஸ் சகோதரர்கள் யார் தெரியுமா? எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய தாமஸ் ஜெஃபர்சனின் சகோதரி மகன்கள். இந்தச் சம்பவத்தை வில்லியம் டிக்கி என்ற போதகர் எழுதித்தர, ரேங்கின் தன் நூலில் சேர்த்தார்.

அந்த நூலுக்கு இன்று விமர்சனமும் உண்டாமே?

உண்டு, நியாயமான விமர்சனம்தான். ஒரு கடிதத்தில் ரேங்கின், தானும் தன் மனைவியும் பிள்ளைகளும் அடிமைகளாக இருப்பதாகக் கற்பனை செய்து பார்க்கிறார். தன் முதுகில் சவுக்கு விழுவதை நினைக்கும்போது கோபம் வருகிறது. மனைவி, பிள்ளைகள்மேல் விழுவதை நினைக்கும்போது இரத்தம் கொதிக்கிறது என்று எழுதுகிறார். சகோதரரும் அப்படி உணர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இக்கால ஆய்வாளர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்புகிறார்கள். கறுப்பின மனிதரின் வலியை உணர, அந்த இடத்தில் ஒரு வெள்ளை உடலை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறதென்றால், உண்மையில் வலிப்பட்டவர் அங்கே காணாமல் போய்விடவில்லையா? சரியான கேள்வி. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது அடிபட்டவர்களின் சொந்தக் குரல் எங்கேயும் கேட்பதில்லை. அதே நேரத்தில் எழுதப்பட்டது யாருக்கு என்பதையும் மறக்கக் கூடாது. அடிமைகளை அப்போதுதான் விலைக்கு வாங்கியிருந்த ஒருவருக்கு, அவருடைய சொந்தக் குடும்பத்தானே எழுதுகிறார். அந்தக் குறிப்பிட்ட மனிதரிடம் அந்த வாதம் வேலை செய்தது. குறையும் உண்மை, விளைவும் உண்மை.

மலைமேல் விளக்கு வைத்தார் என்பது நிஜமா?

நிஜம்தான். முதலில் அவர் குடும்பம் ஆற்றோரமாக ஃபிரண்ட் தெருவில் இருந்தது. அடிமை பிடிப்பவர்கள் நேராகக் கதவைத் தட்டித் தொந்தரவு செய்தார்கள். 1829 வாக்கில் ஊருக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் மலைமேல் ஒரு சிறிய செங்கல் வீட்டுக்குக் குடிபோனார்கள். அங்கிருந்து பார்த்தால் ஊர், ஆறு, எதிரே கென்டக்கிக் கரை எல்லாம் தெரியும். கென்டக்கிக் கரையில் நிற்பவருக்கும் அந்த வீடு தெரியும். இரவில் அங்கே விளக்கு எரிந்தது. ஊரிலிருந்து மேலே ஏற நீண்ட படிக்கட்டு இருந்தது.

வந்தவர்களை நாட்கணக்கில் ஒளித்து வைப்பது வழக்கமில்லை. சாப்பாடு, உலர்ந்த துணி, கொஞ்சம் ஓய்வு. பிறகு விடிவதற்குள் மகன்களில் ஒருவர் அவர்களை அடுத்த நிலையத்துக்குக் கூட்டிப் போய்விடுவார்.

எத்தனை பேரைக் காப்பாற்றினார்?

2,000 பேர் என்ற எண் பல இடங்களில் சொல்லப்படுகிறது. அதை ஒரு மதிப்பீடாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்குப் புத்தகம் வைத்துச் செய்கிற வேலையில்லை இது. எழுதி வைத்த தாள் ஒன்று சிக்கினால் போதும், வந்தவர்களும் மாட்டுவார்கள், உதவியவர்களும் மாட்டுவார்கள். ஏறத்தாழ 40 ஆண்டுகள், பெரிய குடும்பம், ஆற்றின் முக்கியமான கடவு. பெரிய எண்ணிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

‘காப்பாற்றினார்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. பண்ணையை விட்டு இருட்டில் கிளம்பி, நாய்களுக்குத் தப்பி, நீச்சல் தெரியாமல் ஆற்றில் இறங்கியவர்கள் தங்களைத் தாங்களே முதலில் காப்பாற்றிக்கொண்டார்கள். ரேங்கினின் வீடு அவர்களுக்கு வழியில் கிடைத்த துணை.

இதில் கறுப்பின மக்களின் பங்கு என்ன?

பெரும்பங்கு அவர்களுடையதே. இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஆர்னால்ட் கிராக்ஸ்டன், எதிர்க்கரையில் கென்டக்கியின் மேசன் மாவட்டத்தில் அடிமையாக இருந்த இளைஞர். தன் முதுமையில், 1930-களில், அரசு நடத்திய நேர்காணலில் தன் கதையைச் சொன்னார். ஒரு பெண்ணை ஆற்றைக் கடத்திவிடும்படி ஒரு மூதாட்டி கேட்டிருக்கிறார். பயத்தில் நடுங்கிக்கொண்டே இருட்டில் துடுப்புப் போட்டிருக்கிறார். ரிப்ளிக் கரையில் இரண்டு ஆண்கள் வந்து கையைப் பிடித்ததும், மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தார். பிடித்தவர் கேட்டது, “பசிக்கிறதா?” என்று. அதன்பின் ஏறத்தாழ 4 ஆண்டுகள், நிலவில்லாத இரவுகளில், மாதத்துக்குச் சில முறை ஆட்களை அக்கரை சேர்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் திரும்பித் தன் அடிமை வாழ்வுக்கே போனார். ரேங்கின் வீட்டு விளக்கு இரவெல்லாம் எரியும், அதை எட்டிவிட்டால் விடுதலை என்று அவர் அந்த நேர்காணலில் நினைவுகூர்ந்திருக்கிறார். கடைசியில் தானும் மனைவியோடு தப்பி டெட்ராய்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இன்னொருவர் ஜான் பார்க்கர். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பிறந்து, 8 வயதில் விற்கப்பட்டவர். அலபாமாவின் மொபைல் நகரில் வார்ப்பாலையில் வேலை கற்று, 1845-ல் 1,800 டாலர் கட்டித் தன்னைத்தானே விலைக்கு வாங்கி விடுவித்துக்கொண்டார். பிறகு ரிப்ளிக்கு வந்து சொந்தமாக வார்ப்பாலை நடத்தினார், தன் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமையும் பெற்றார். பகலில் தொழில். இரவில் துப்பாக்கியோடு படகில் கென்டக்கிக்குள் போய் ஆட்களை அழைத்து வருவார். பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதை ரேங்கினைவிட நன்றாக அறிந்தவர் அவர். ரேங்கின் குடும்பம் கரையில் நின்று வரவேற்றது. பார்க்கர் அக்கரைக்கே போனார்.

இவர்கள் தவிர, ரிப்ளிக்கு வடக்கே விடுவிக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்களின் குடியிருப்புகள் இருந்தன. வருகிறவர்களை அவர்களும் ஒளித்து வைத்தார்கள்.

உறைந்த ஆற்றில் குழந்தையோடு ஓடிய எலைசா உண்மையில் இருந்தாரா?

1838-ன் குளிர்காலத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு, உருகத் தொடங்கிய பனிக்கட்டிகள்மேல் ஆற்றைக் கடந்து ரேங்கின் வீட்டுக்கு வந்தாள் என்பது அந்தக் குடும்பத்தார் சொல்லிவந்த நிகழ்ச்சி. பனிக்கட்டி உடைந்து பலமுறை நீரில் விழுந்தாள், குழந்தையைக் கட்டிமேல் தள்ளிவிட்டுத் தானும் ஏறினாள். இக்கரையில் காத்திருந்த அடிமை பிடிப்பவனே அவள் பட்ட பாட்டைப் பார்த்து மனம் மாறி, மலை வீட்டுக்கு வழி காட்டினான் என்றும் சொல்கிறார்கள்.

சின்சினாட்டியின் லேன் இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கால்வின் ஸ்டோவின் வீட்டாருக்கு இந்தக் கதை ரேங்கின் வழியாகப் போய்ச் சேர்ந்தது. அவருடைய மனைவி ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் 1852-ல் வெளியிட்ட ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலில் எலைசா ஆற்றைத் தாண்டும் காட்சி அதிலிருந்து பிறந்தது. அந்த நாவல் முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் 3,00,000 பிரதிகள் விற்றது. எலைசா என்பது நாவலில் வந்த பெயர். நிஜப் பெண் தன் பெயரை வெளியே சொல்லாமல் இருந்ததில்தான் அவள் பாதுகாப்பு இருந்தது.

ரேங்கின் குடும்பத்துக்கு ஆபத்து வரவில்லையா?

வந்துகொண்டே இருந்தது. 1836-ல் அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கத்தின் சார்பில் ஒஹாயோ முழுக்கப் பேசப் போனபோது, முட்டை வீச்சும் கும்பல் தாக்குதலும் அவருக்கு வாடிக்கையாகிவிட்டன. கென்டக்கியில் அவர் தலைக்கு விலை வைத்திருந்தார்கள்.

1841 செப்டம்பரில் ஓர் இரவு ஆயுதம் ஏந்திய கும்பல் மலை வீட்டைத் தாக்கியது. களஞ்சியத்துக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். மகன் கால்வினும் ஓர் உறவுக்காரப் பையனும் வெளியே ஓடிப்போய் எதிர்த்துச் சுட்டார்கள். மற்றவர்களும் இருட்டில் ஓடிச் சுடுபட்டுவிடக் கூடாது என்று ஜீன் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டாராம். கும்பல் பின்வாங்கியது. அதன்பின் ரேங்கின் செய்தித்தாளில் வெளிப்படையாகவே எழுதினார்: நெருப்பும் வாளும் என்னைத் தடுக்காது, நள்ளிரவில் கொல்ல வருபவனைச் சுடுவது ஜெபம் செய்வதைப் போலவே கடமை. அமைதியை விரும்பும் போதகர் இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 13 பிள்ளைகள் பிறந்த வீடு அது என்பதை நினைத்துக்கொண்டு அதைப் படிக்க வேண்டும்.

எல்லோருக்கும் அவரைப்போல அதிர்ஷ்டம் இருக்கவில்லை. சார்டினியாவின் மெதடிஸ்ட் போதகர் ஜான் மஹானை 1838-ல் பிடித்துக் கென்டக்கிக்குக் கொண்டுபோய்ச் சிறையில் போட்டார்கள். குற்றம் நடந்ததாகச் சொன்ன நேரத்தில் அவர் கென்டக்கியிலேயே இல்லை என்பதால் விடுதலையானார். ஆனால் அடிமைகளை இழந்தவர் போட்ட நஷ்டஈட்டு வழக்கும் சிறையில் கெட்ட உடல்நலமும் அவரை விடவில்லை. 1844-ல் இறந்துபோனார்.

மனைவி ஜீன், பிள்ளைகள் பற்றி?

வரலாறு ரேங்கினின் பெயரைத்தான் சொல்கிறது. நடு இரவில் எழுந்து அடுப்பு மூட்டியது, நனைந்த துணிகளை மாற்றிக் கொடுத்தது, தன் பிள்ளைகளைத் துப்பாக்கிக்காரர்கள் திரியும் சாலையில் வழிகாட்டிகளாக அனுப்பியது எல்லாம் ஜீன். 9 மகன்கள், 4 மகள்கள். கடைசி இரண்டு மகன்களின் பெயர்களைப் பாருங்கள்: ஆர்தர் டாப்பன், தாமஸ் லவ்ஜாய். முதல் பெயர் அடிமை ஒழிப்பு இயக்கத்துக்குப் பணத்தை அள்ளிக்கொடுத்த நியூயார்க் வணிகருடையது. இரண்டாவது, 1837-ல் இல்லினாயின் ஆல்டன் நகரில் தன் அச்சு இயந்திரத்தைக் காக்க நின்று கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்ட போதகர் எலைஜா லவ்ஜாயின் நினைவாக.

உள்நாட்டுப் போர் வந்தபோது 6 மகன்கள் வடக்கின் படையில் சேவை செய்தார்கள். ஆறு பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

திருச்சபை அவரை ஆதரித்ததா?

பாதி பாதி. 1837-38-ல் பிரஸ்பிட்டேரியன் சபை இரண்டாக உடைந்தது. அடிமை முறையும் அதற்கு ஒரு காரணம். உடைந்த பிறகும் இரு பிரிவுகளிலும் அடிமை உரிமையாளர்கள் உறுப்பினர்களாகவே இருந்தார்கள். இது ரேங்கினுக்குப் பொறுக்கவில்லை. சபையின் திருவிருந்தில் ஒரே பந்தியில் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் பகிர்ந்துவிட்டு, வெளியே போய் மனிதரை விலைக்கு விற்பவரோடு எப்படி ஐக்கியம் வைப்பது? 1847-ல் சில போதகர்களோடு வெளியேறி, அடிமை உரிமையாளர்களுக்கு இடமில்லாத சுயாதீன பிரஸ்பிட்டேரியன் சபையைத் தொடங்கினார். சிறிய சபைதான். போருக்குப் பின் அதற்கான தேவை முடிந்து, பெரும்பாலோர் தாய்ச்சபைக்குத் திரும்பினார்கள்.

கேரிசனிடமிருந்து ரேங்கின் வேறுபடும் இடமும் இதுவே. கேரிசன் ஒரு கட்டத்தில் சபைகளைக் கைவிட்டார், அரசியல் சட்டத்தின் பிரதியைப் பொதுமேடையில் எரித்தார். ரேங்கின் கடைசிவரை சபைக்குள் நின்றே சபையோடு போராடினார். எனக்கு இருவர்மேலும் மரியாதை உண்டு. சகோதரரைக் கைவிடாமல் எழுதிய மனிதர் சபையையும் கைவிடாததில் எனக்கு ஆச்சரியமில்லை.

யுலிசிஸ் கிராண்ட் அவரிடம் படித்தாரா?

ஆம். பிற்காலத்தில் வடக்கின் தளபதியாகவும் அதிபராகவும் ஆன கிராண்ட், சிறுவனாக 1838-39-ல் ரிப்ளியில் ரேங்கினின் பள்ளியில் படித்தார்.

அவருடைய கடைசிக் காலம்?

1866-ல் ரிப்ளி சபைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் அமெரிக்காவில் அடிமை முறையைச் சட்டப்படி முடித்துவிட்டிருந்தது. 1886 மார்ச் 18 அன்று ஒஹாயோவின் அயர்ன்டன் நகரில் இறந்தார். ரிப்ளியின் மேப்பிள்வுட் கல்லறையில் புதைக்கப்பட்டார். 1892-ல் அங்கே எழுப்பிய நினைவுச் சின்னத்தில் உள்ள மார்பளவுச் சிலையைச் செய்தவர் அவருடைய பேத்தி எல்லென் ரேங்கின் காப்.

அந்த வீட்டைப் பார்க்க முடியுமா? கடிதங்களைப் படிக்க முடியுமா?

இரண்டும் முடியும். மலை வீடு இன்று அருங்காட்சியகம். 1997-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கீழே ஆற்றோரத்தில் ஜான் பார்க்கரின் வீடும் அருங்காட்சியகமாக இருக்கிறது. போகிறவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

கடிதங்களின் 1830-களின் பதிப்புகள் காப்புரிமை முடிந்து இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய ஆங்கிலம், நீண்ட வாக்கியங்கள். முதல் கடிதத்தை மட்டுமாவது படித்துவிட்டு, கூடவே கிராக்ஸ்டனின் நேர்காணலையும் படியுங்கள். அது சில பக்கங்களே, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் அடிமை வாழ்வு நேர்காணல் தொகுப்பில், புளோரிடா பகுதியில் இருக்கிறது.